செற்றிக்குக் கால் வேணும், பெரியம்மா

ஸ்காபரோ, கனடா
தை மாதக் கடைசி

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். வெளியே முழங்கால் வரை ஸ்னோ. பெரியப்பாவின் முழங்கால் எப்படி? கொட்டாஞ்சேனைச் சித்தப்பா கொடுத்துவிட்ட எண்ணெயைப் பூசுகிறாரா, அல்லது வழக்கம்போல அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாரா?

ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் நீங்கள் “சாப்பிட்டியளோ?” என்று கேட்பீர்கள், நான் “ஓம்” என்பேன், அத்தோடு உங்கள் நாடகம் தொடங்கும் நேரம் வந்துவிடும். இந்த விஷயத்தில் உயரம், தடிப்பு, சரிவு, நூல்கணக்கு எல்லாம் இருக்கிறது. இதை நீங்கள் மொறட்டுவைத் தச்சுப் பாசிடம் பேப்பராகவே நீட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். நாங்கள் ஒரு செற்றி வாங்கினோம்.

இந்த ஊரில் மாதக் கடைசியில் வீடு மாறுகிறவர்கள் பழைய தளபாடத்தைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே கிடக்கும் மட்டும் அது சும்மா. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஒருவரும் தொடமாட்டார்கள். அதையே தாடி வைத்த ஒரு பொடியன் தூக்கிக்கொண்டு போய்த் துடைத்து, பக்கத்தில் ஒரு பூச்சாடியை வைத்துப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டால் முந்நூறு டொலர். 1960ஆம் ஆண்டு பாணியாம். படத்தைப் பார்த்ததும் என்ர மனுசி சொன்னது: “இது வெள்ளவத்தைப் பெரியம்மா வீட்டுச் செற்றியெல்லோ?”

உண்மைதான். அதே மெல்லிய மரக்கை, அதே சாய்வு, கீழே போகப் போகக் கூம்பும் அதே கால். ஆனால் கால் மூன்றுதான் இருந்தது. நாலாவதற்குப் பதிலாக இரண்டு தடித்த புத்தகங்கள். மேலே இருந்தது வருமான வரி பற்றியது. கால் இல்லாதபடியால் பொடியன் விலையை இருநூறுக்கு இறக்கினான். புத்தகங்களை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டான்.

இருநூறு டொலருக்குச் செற்றி, இனி ஒரு காலுக்கு என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது என்றுதானே நினைப்பீர்கள்? கேளுங்கோ.

முதலில் பெரிய ஹார்ட்வெயர் கடை ஒன்றுக்குப் போனோம். தளபாடக் காலுக்கென்றே அங்கே ஒரு வரிசை இருக்கிறது. கால் தனி. அதைப் பூட்டுகிற இரும்புத் தட்டு தனி. தட்டை அடிக்கிற ஸ்க்ரூ தனி. நிலம் கீறாமல் அடியில் ஒட்டுகிற கம்பளித் துண்டு தனி. பூசுகிற வார்னிஷ் இன்னொரு வரிசையில். எங்கட கால் ஆறேகால் அங்குலம், அவர்களிடம் இருந்தது ஆறும் எட்டும்தான். ஆக ஒன்றை மட்டும் மாற்ற ஏலாது, நாலையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் செற்றி வாங்கிய காசில் பாதிக்கு மேல்.

அடுத்தது எங்கட ஆள் ஒருவர். ஊரிலே நல்ல தச்சு வேலை பழகினவர், இப்போது பேஸ்மென்ட் கட்டிக் கொடுக்கிறவர். வந்து பார்க்கவே ஒரு காசு. பார்த்துவிட்டு, காலைத் தட்டிவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டு, “தம்பி, இதுக்கு நான் கூலி சொன்னால் நீர் என்னோட கோவிப்பீர். புதுச் செற்றி ஒண்டு வாங்கும்” என்றார். நல்ல மனுஷன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இங்கே பொருள் மலிவு, கை விலை கூட. கடைசல் மெஷினில் ஆயிரக்கணக்கில் செய்து கப்பலில் வந்த கால் சில டொலர். அதே காலை ஒரு மனுஷன் நின்று, உங்கள் அளவுக்குக் கடைந்து கொடுத்தால் அதற்கு மணித்தியாலக் கூலி. அதனால்தான் இவ்வளவு செற்றி தெருவில் கிடக்கிறது. உடம்பு நல்லாக இருக்கும், கால்தான் போயிருக்கும்.

கால் போவதற்குக் காரணம் ஊருக்கு ஊர் வேறு. உங்களுக்குத் தெரியும், வெள்ளவத்தையில் கடற்காற்று ஆணியைத் தின்னும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற வீட்டில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து, அதைச் சுற்றி மரம் கறுத்து உக்கிப்போகும். மிச்சத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் நிலம் கழுவுகிற தண்ணி பார்த்துக்கொள்ளும். இங்கே கடலும் இல்லை, நிலத்தைக் கழுவுகிறதும் இல்லை. ஆனால் மாரி முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. வீட்டுக் காற்று காய்ந்து மரம் சுருங்கும், பொருத்து இளகும். கோடையில் புழுக்கம், மரம் திரும்ப ஊதும். இப்படிச் சுருங்கி ஊதி, சுருங்கி ஊதி, ஒரு நாள் பெரிய மாமா வந்து இருக்கிற நேரமாகப் பார்த்துக் கால் கையைவிடும்.

இனிச் சித்தப்பாவின் பங்கு. குடும்ப வாட்ஸ்அப்பில் நான் காலின் படத்தைப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். “மொறட்டுவைக்குப் போனால் எல்லாம் கிடைக்கும்” என்று நீங்கள் போட, “பழைய சோனகத் தெருவில இல்லாத ஆணியும் இல்லை, பூட்டும் இல்லை, அதென்ன மொறட்டுவை?” என்று சித்தப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து போட, இரண்டு நாள் அந்தக் குழுவில் வேறு கதையே நடக்கவில்லை. லண்டன் அண்ணர் பிறந்தநாள் என்று போட்டதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் சித்தப்பா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார். காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறதில் அந்தோனியாருக்குப் பெயர் இருக்கிறதுதான். ஆனால் ஸ்காபரோவில் தொலைந்த கால் அவருடைய எல்லைக்குள் வருமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. அந்தக் கிழமையே ‘ரீஸ்டோர்’ கடையில் கால் கண்டேன். இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெரியம்மா. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ‘ஹபிடாட் ஃபோர் ஹியூமனிட்டி’ என்ற அமைப்பு நடத்துவது. முதற்கடை 1991இல் இந்த நாட்டிலேயே, வினிபெக் நகரத்தில் திறந்தது. வீடு இடிக்கிறவர்கள், திருத்துகிறவர்கள் மிஞ்சிய கதவு, யன்னல், சிங்க், மேசை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மலிவாக விற்று வருகிற காசு வீடு கட்டப் போகும். அங்கே ஒரு மூலையில் பிளாஸ்டிக் தொட்டி நிறையக் கால். மேசைக்கால், கட்டில்கால், சிங்கப் பாதம் வைத்த கால், எல்லாம் உடம்பைத் தொலைத்துவிட்டுக் கிடக்குது. தோண்டத் தோண்ட எங்கட அளவிலே, அதே கூம்பு, அடியிலே பித்தளைப் பூண் வைத்த கால் வந்தது. மொத்தம் மூன்று. ஒன்றாகக் கட்டி ஒரு விலை போட்டிருந்தார்கள். பிரித்துத் தரமாட்டார்களாம்.

எனக்கு வேண்டியது ஒன்று, அவர்களிடம் இருந்தது மூன்று, எங்கட வீட்டில் இருக்கிறதும் மூன்று. வாங்கினால் ஆறு கால் ஆகும். சித்தப்பாவுக்குச் சொன்னேன். “மெழுகுதிரி சின்னது, அதுதான் முக்கால்வாசி பலிச்சிருக்கு” என்றார். வாங்கிவிட்டோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் நிறம் வேறு. எங்களுடையது வால்நட் நிறம், இது தேக்கு நிறம். மனுசி ஏற்கவில்லை. சரி என்று லண்டன் அண்ணருக்குச் சொன்னோம். பிறந்தநாளைக் கவனிக்காத கோபத்தையும் மறந்து, அவர் அங்கே நல்ல கால் நாலு மலிவாக வாங்கி, இங்கே வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நிறம் அச்சாக அதேதான். உயரமும் ஓரளவு சரி. தட்டில் வைத்துத் திருப்பினேன். ஒன்றரைச் சுற்று வெண்ணெய் மாதிரிப் போனது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது.

இந்த இடத்தைச் சித்தப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கோ, அவருக்குப் பிடிக்கும். இங்கே விற்கிற காலின் தலையில் இருக்கும் போல்ட் பெரும்பாலும் பதினாறில் ஐந்து அங்குலம், பழைய சோனகத் தெருப் பாஷையில் இரண்டரை நூல். மில்லிமீற்றரில் 7.94. லண்டன் காலில் இருப்பது எம் 8, சரியாக 8 மில்லிமீற்றர். கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் எங்கட போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 18 புரி, எம் 8இல் இருபதுக்குச் சற்று மேல். அதனால் தொடக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்த மாதிரி உள்ளே போகும், பிறகு புரியும் புரியும் முட்டிக்கொண்டு நிற்கும். பலவந்தமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் பழுது. அண்ணரோ நான் கையைச் சரியாகப் பாவிக்கவில்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கனடா 1970களிலேயே மீற்றருக்கு மாறிய நாடு என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்குதுகள். வெக்கை செல்சியஸில், பெற்றோல் லீற்றரில், வீதி கிலோமீற்றரில். ஆனால் மரமும் போல்ட்டும் அங்குலத்தில். அதிலும் ‘இரண்டுக்கு நாலு’ என்று விற்கிற மரத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் வரும். கடைக்காரரைக் கேட்டால், சீவ முந்தி அந்த அளவுதானாம்.

போல்ட்தான் இப்படி என்றால் ஸ்க்ரூ இன்னொரு விதம். ஊரில் ஸ்க்ரூவின் தலையில் ஒரு கீறு இருக்கும், அல்லது கூட்டல் குறி இருக்கும். இங்கே சதுரக் குழி. ரொறன்ரோவுக்குக் கிட்ட மில்டன் என்று ஓர் ஊர். அங்கே தொழிற்சாலை வைத்திருந்த ரொபர்ட்சன் என்பவர் 1909இல் காப்புரிமை எடுத்த ஸ்க்ரூ. பச்சை, சிவப்பு, கறுப்பு என்று அளவுக்கு ஒரு நிறத்தில் திருகுளி. வழுக்காது, ஒற்றைக் கையால் திருகலாம், கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டும் பூட்டலாம். கனடா கண்டுபிடித்ததிலே எனக்கு உண்மையாகப் பிடித்தது இதுதான். ஆனால் நீங்கள் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய பெரியப்பாவின் பழைய திருகுளி இந்த நாட்டில் பெயின்ற் டின் திறக்கத்தான் உதவுது.

பெரியம்மா, ஒரு செற்றிக்கு ஏன் இப்படிக் கழற்றுகிற கால் வைத்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சின்ன வீடுகளும் ஃபிளற்களும் பெருகின. நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் பாரமான செற்றி அறையை விழுங்கிவிடும். மெல்லிய, சரிந்த காலில் தூக்கி நிறுத்தினால் கீழே நிலம் தெரியும், அறையும் பெரிதாகத் தெரியும். 1950களில் சுவீடனில் ஐக்கியா கடையில் கில்லிஸ் லுண்ட்கிரேன் என்றொரு வேலையாள், ஒரு மேசை காருக்குள் போகவில்லை என்று அதன் காலைக் கழற்றினார். கழற்றியே விற்றால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிடித்ததாம். இன்றைக்கு உலகம் முழுக்கத் தட்டைப் பெட்டியில் வாங்கி வந்து, படம் பார்த்து, இரண்டு ஆணி மிஞ்சும்படி மேசை பூட்டுகிற எல்லாருடைய கஷ்டத்துக்கும் அந்தக் காரில் இருந்த இடப்பற்றாக்குறைதான் ஆரம்பம்.

அந்தப் பாணி கொழும்புக்கும் வந்தது. 1970இலிருந்து 77 வரை இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில் வெளிநாட்டுத் தளபாடம் யாருக்குக் கிடைத்தது? மொறட்டுவைப் பாஸ்மார் படத்தைப் பார்த்தே செய்தார்கள். டென்மார்க்கிலே தேக்கு என்றால் ஊரிலே தேக்கு, மஹோகனி, பலா, கையிலே கிடைத்தது. உங்கள் செற்றி அந்தக் கூட்டத்துப் பிள்ளை.

அந்தச் செற்றியின் கதை எனக்கு மறக்கவில்லை. 83 ஆடிக் கலவரத்தில் உங்கள் ஒழுங்கையில் வீட்டுச் சாமான்களைத் தெருவில் இழுத்துப் போட்டு எரித்தபோது, முன்வீட்டுச் சிங்கள அம்மா அதைத் தன் கராஜுக்குள் இழுத்து வைத்தார். இழுத்த இழுவையில் இரண்டு கால் முறிந்தது. நீங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே தளபாடம் அது. அடுத்த வருஷம் பெரியப்பா 101 பஸ்ஸில் முறிந்த காலை ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டு மொறட்டுவைக்குப் போனார். பாஸ் மாதிரியைப் பார்த்து இரண்டு புதுக்கால் கடைந்து கொடுத்தார். எது பழசு, எது புதுசு என்று பிள்ளைகள் நாங்கள் கீழே படுத்துப் பார்த்துப் பந்தயம் பிடிப்போம். வெள்ளவத்தையில் எங்கட ஆட்களின் வீடுகளில் 83க்கு முந்திய செற்றி எத்தனை மிஞ்சியது என்று யோசித்துப் பாருங்கோ.

இப்போது அதை விற்கப் போகிறீர்கள் என்று அண்ணி சொன்னா. வீட்டை இடித்து ஃபிளற் கட்டக் கொடுக்கிறீர்கள், செற்றி லிஃப்ற்றுக்குள் போகாது, ஒரு கால் வேறு ஆடுது, போத்தல் பேப்பர்காரர் ஒரு விலை கேட்டிருக்கிறார் என்று. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலாவது, பின்வளவுப் பலாவைத் தறித்து அதிலேயே கால் செய்யலாம் என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்டதைக் கைவிடுங்கோ. பலாவும் ஈரப்பலாவும் பெண் பனையும் அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது, 1951ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. அனுமதி கிடைத்தாலும் பச்சை மரத்தில் கடைந்த கால் காயும்போது வெடிக்கும், வளையும். பாசிடம் பழைய வீட்டு மரம், நல்லாகக் காய்ந்தது இருக்கும். அதைக் கேளுங்கோ.

இரண்டாவது, ஆடுகிற காலைப் பிடுங்கி எறியாமல் பையில் வைத்துக்கொண்டு போங்கோ. அளவு எழுதிக் கொடுப்பதைவிட மாதிரி கொடுப்பது திறம். எழுதத்தான் வேண்டுமென்றால் நாலு அளவு: உயரம், மேல் தடிப்பு, அடித் தடிப்பு, எவ்வளவு சரிவு. ஆட்டத்துக்குக் காரணம் ஸ்க்ரூ ஓட்டை பெருத்துப்போனது மட்டும் என்றால் புதுக்காலே தேவையில்லை. ஓட்டைக்குள் மரப்பசையோடு ஈர்க்குத் துண்டுகளை இறுக்கி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, திரும்பப் பூட்டினால் பிடிக்கும். உங்கள் வீட்டில் ஈர்க்குக்குப் பஞ்சமா?

மூன்றாவது, புதுக்கால் செய்வதென்றால் பொருத்தி ஒட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கோ. இரும்புத் தட்டும் போல்ட்டும் வைத்துக் கழற்றக் கூடியதாகச் செய்விக்கச் சொல்லுங்கோ. கால் நாலையும் கழற்றி, செற்றியை நிமிர்த்திப் பிடித்தால் லிஃப்ற்றுக்குள் போகும். தட்டும் போல்ட்டும் சித்தப்பா பழைய சோனகத் தெருவில் வாங்கட்டும், கால் மொறட்டுவையில் கடையட்டும். இரண்டு பேருக்கும் வெற்றி, குடும்பக் குழுவிலும் நிம்மதி. கடலைப் பார்த்த ஃபிளற் என்றபடியால் ஸ்க்ரூ பித்தளையில் வாங்கச் சொல்லுங்கோ.

நாலாவது, அதே கையோடு எனக்கும் நாலு கால். ஆறேகால் அங்குலம், மேலே இரண்டு, அடியிலே ஒன்று, நேராக நிற்க வேண்டும், சரிவைத் தட்டு பார்த்துக்கொள்ளும். போல்ட் இரண்டரை நூல், அங்குலத்துக்கு 18 புரி. இதைப் பாசுக்குக் கோடு போட்டுக் காட்டுங்கோ. நிறம் பூச வேண்டாம், இங்கே மனுசி பூசுவா. சித்தப்பா பாசிடம் விசாரித்துச் சொன்ன கூலி, இங்கத்தை ஆள் வாசல் மணி அடிக்க எடுக்கிற காசைவிடக் குறைவு. ஆடி விடுமுறைக்கு வருகிற மச்சாளிடம் கொடுத்துவிடுங்கோ. கைப்பையில் வைக்க வேண்டாம், எக்ஸ்ரேயில் பொல்லுப் போலத் தெரியும். மிளகாய்த்தூளோடு பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கோ. மரப்பட்டை ஒட்டாமல், சுத்தமாகச் சீவின கால் என்றால் இங்கே கேள்வி குறைவு.

கால் போனால் செற்றியே போனது என்று நினைக்கிறது கூலி கூடின நாட்டுப் பழக்கம். எங்களுக்கு அது இன்னும் தேவையில்லை. மாதிரியைப் பார்த்துக் கடைந்து தருகிற கை 101 பஸ் போகிற தூரத்தில் இருக்கு. அந்தக் கை இருக்கும் மட்டும் வேலை கொடுங்கோ. அந்தச் செற்றியைப் போத்தல் பேப்பர்காரருக்குக் கொடுக்காதேங்கோ, பெரியம்மா. காசு எவ்வளவென்று சொன்னால் நான் அனுப்பிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்

பி.கு.: ரீஸ்டோரில் வாங்கிய மூன்று தேக்குநிறக் காலும் சும்மா இருக்குது. மூன்று கால் ஸ்டூல் செய்கிற யோசனை யாருக்காவது இருந்தால் குழுவில் போடச் சொல்லுங்கோ.